ரெய்னோவின் வலது கால்

முதல் பனி விழுந்த மறுநாள் காலையில் ஹில்யா கோஸ்கெலாவுக்குத் தலைவலி வந்துவிடும். பனியைக் குறை சொல்ல அவளுக்கு வாய் வராது. சுப்பீரியர் ஏரிக்கரையில் பிறந்து வளர்ந்தவள். கூரைமேல் ஏறிப் பனியை அள்ளித் தள்ளுவது அவளுக்கு வாசல் பெருக்குகிற மாதிரி. பனிக்குப் பின்னால் அவளுடைய ஒர்க்‌ஷாப்புக்கு வரிசை கட்டி வருகிற ஆட்கள்தான் தலைவலி.

முதலில் வருபவர் எப்போதும் ஆர்விட் லாஹ்ட்டி. அந்த வருஷமும் அவர்தான் வந்தார். காரை வாசலில் குறுக்கே நிறுத்திவிட்டு, தொப்பியைக் கழற்றாமலே உள்ளே வந்தார்.

"ஹில்யா, பிரேக்கு போச்சு. மிதிச்சா காலுக்கடியில கடகடன்னு ஆடுது. உள்ள ஏதோ பொடிஞ்சு கெடக்கு."

"எங்க மிதிச்சீங்க?"

"தபாலாபீஸ் திருப்பத்துல. அங்க ஒரே ஐஸு."

"வண்டி நின்னுச்சா?"

"நிக்கறதுக்குள்ள நான் காலை எடுத்துட்டேன். அதான் ஆடுதே!"

"ஆடினா அது வேலை செய்யுதுன்னு அர்த்தம். போன வருஷமும் இதையேதான சொன்னேன்?"

"போன வருஷம் வேற காரு."

"போன வருஷமும் இதே காருதான் ஆர்விட்!"

ஆர்விட் வெளியே எட்டிக் காரைப் பார்த்தார். அது தன்னுடையதுதானா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது போலிருந்தது. பிறகு, வந்ததற்கு ஒரு காபியாவது குடிக்கலாம் என்று உட்கார்ந்துவிட்டார்.

தொண்ணூற்று ஆறாம் வருஷக் குளிர்காலம் அது. புதிதாக வருகிற கார்களில் எல்லாம் ஏபிஎஸ் பிரேக் வந்துவிட்டது. ஊர்க்காரர்களின் கால்களுக்கு மட்டும் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

விஷயம் இவ்வளவுதான். சக்கரம் உருண்டுகொண்டிருக்கும் வரைதான் ரோட்டைப் பிடிக்கும். ஐஸின் மேல் பிரேக்கை ஒரேயடியாக அமுக்கினால் சக்கரம் உருள்வதை விட்டுவிட்டு அப்படியே சறுக்கும். சறுக்குகிற சக்கரத்துக்கு ஸ்டியரிங் சொல்வது காதில் ஏறாது. நீங்கள் இடப்பக்கம் திருப்பினாலும் வண்டி நேரே போய்ப் பள்ளத்தில் விழும். அதற்காகத்தான் அந்தக் காலத்து ஆட்கள் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்கக் கற்றார்கள். மிதி, விடு, மிதி, விடு. அந்த ஊரில் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானத்துக்கு அடுத்தபடி கொடுக்கப்படுகிற போதனை அதுதான்.

புதுக் கார் அந்த வேலையைத் தானே செய்துகொள்கிறது. ஒவ்வொரு சக்கரத்தோடும் ஒரு பல் வளையம் சுற்றும். பக்கத்திலேயே ஒரு சென்சார் அந்தப் பற்களை எண்ணிக்கொண்டிருக்கும். நான்கு சக்கரங்களின் கணக்கும் ஒரு பெட்டிக்குப் போகும். ஒரு சக்கரம் மட்டும் திடீரென்று நிற்கப் பார்த்தால், அதற்குப் போகிற பிரேக் எண்ணெயின் அழுத்தத்தைப் பெட்டி சற்று விடும், மறுபடி கொடுக்கும், மறுபடி விடும். கண் இமைக்கிற நேரத்தில் பலமுறை இது நடந்துவிடும். எண்ணெய் அப்படி முன்னும் பின்னும் ஓடுவதைத்தான் கால் கடகட என்று உணர்கிறது. ஓட்டுகிறவன் செய்ய வேண்டியது, அழுத்தி மிதித்து, மிதித்தபடியே வைத்துக்கொண்டு, போக வேண்டிய பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்புவது. நடுவில் காலை எடுத்தால் பெட்டிக்குச் செய்ய ஒன்றும் இல்லை. பிரேக்கே இல்லாத வண்டியாக அது ஓடும்.

இதை ஹில்யா தொண்டை வறளச் சொல்லியிருக்கிறாள். தபாலாபீசில் சொன்னாள். மாதாகோவில் காபி மேஜையில் சொன்னாள். செவிடன் காதில் ஊதிய சங்கு. எல்லாரும் தலையாட்டுவார்கள், வெளியே போய் முதல் திருப்பத்திலேயே மிதி, விடு, மிதி, விடு.

அவள் அந்தத் தொழிலுக்கு வந்ததே ஒரு கோபத்தில்தான். இளவயதில் ஒரு மெக்கானிக் அவளிடம் இல்லாத பழுதைச் சொல்லி, இருக்கிற பாகத்தைக் கழற்றி வைத்துக்கொண்டான். அடுத்த மாதமே செருப்புக்கடை வேலையை விட்டுவிட்டு மெக்கானிக் வகுப்பில் சேர்ந்தாள். வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். சிரித்தவர்களின் கார்களை இப்போது அவள்தான் பழுது பார்க்கிறாள். இருந்து என்ன? ஊரையே திருத்தினாலும் வீட்டில் ஒருவர் இருக்கிறாரே.

அவள் கணவர் ரெய்னோ. முப்பது குளிர்காலம் மாவட்டத்துக்காகப் பனி தள்ளும் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒருதரம்கூடப் பள்ளத்தில் இறங்கியதில்லை. இதை அவரே சொல்ல வேண்டியதில்லை, ஊர் சொல்லும். ஆனாலும் அவரே சொல்வார். ஹில்யாவின் அக்கா சைமாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டதிலிருந்து, வாரம் மூன்று நாள் அவளை ஆஸ்பத்திரிக்கு ரத்தம் சுத்திகரிக்கக் கூட்டிப்போவது ரெய்னோதான். மலை இறங்கி, பாலம் தாண்டி, முக்கால் மணி நேர ஓட்டம். அங்கே அவள் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடக்கிற நான்கு மணி நேரமும் பக்கத்திலேயே உட்கார்ந்து சீட்டாடுவார். வேண்டுமென்றே தோற்பார். அந்த மனிதரை எப்படித் திட்டுவது என்று ஹில்யா சில சமயம் யோசிப்பாள். யோசித்துவிட்டுத் திட்டுவாள்.

பழைய பிக்கப்பில் சைமாவால் ஏற முடியாமல் போனபோது ஹில்யாதான் தேடிப்பிடித்து இந்தக் காரை வாங்கினாள். தாழ்ந்த இருக்கை, நல்ல ஹீட்டர், ஏபிஎஸ், அதோடு டிராக்‌ஷன் கன்ட்ரோல். தன் அக்காவுக்கு இதைவிடப் பத்திரமான வண்டி மூன்று மாவட்டத்தில் கிடையாது என்று நம்பினாள்.

டிசம்பர் நடுவில் ஒரு நாள் சைமா திரும்பி வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் தங்கையைச் சமையலறைக்குள் இழுத்தாள்.

"அடியே, இன்னிக்கு மலையடி நிறுத்தத்துல, அந்த ஸ்டாப் பலகைகிட்ட, நாங்க நிக்கவே இல்ல. நேரா பெரிய ரோட்டுக்கு நடுவுல போயிட்டோம். நல்லவேளை, எதிர்ல யாரும் வரல."

"அவரு என்ன பண்ணாரு?"

"தாளம் போட்டாரு. காலால. அதுக்கு வண்டியும் பதிலுக்குத் தாளம் போட்டுது."

மலையடியில் மரம் ஏற்றிய லாரிகள் நிற்காமல் வரும். அன்று வராதது யாருடைய புண்ணியமோ. ஹில்யா கரண்டியோடு முன்னறைக்குப் போனாள்.

"ரெய்னோ, காலை எடுக்காதன்னு எத்தனை தரம் சொல்லிட்டேன்?"

"அந்தக் காரு என்கூட மல்லுக்கு நிக்குது. நான் ஒண்ணு செய்தா அது ஒண்ணு செய்யுது. உன்ன மாதிரியே."

"என்ன மாதிரின்னா அது சொல்றதக் கேளு! அது உன்னைவிட வேகமா மிதிச்சு விடுது. நீ சும்மா அமுக்கிட்டு இருந்தாப் போதும்."

"சும்மா இருக்கவா முப்பது வருஷம் ஓட்டுனேன்?"

"எங்கக்காவக் கொல்லப் போற!"

அவர் செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் டிராக்‌ஷன் கன்ட்ரோல் சண்டை. வீட்டு ஏற்றத்தில் முழங்கால் பனி. ரெய்னோ ஆக்சிலரேட்டரை அமுக்க அமுக்க, எஞ்சின் ஏதோ தலையணைக்குள் முகம் புதைத்தவன் போல முனகியது, வண்டி நகரவில்லை. அதுவும் அந்தப் பல் வளையத்தின் வேலைதான். கிளம்பும்போது ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழன்றால், பெட்டி அந்தச் சக்கரத்துக்குப் பிரேக் போட்டு, எஞ்சினையும் அடக்கிவிடும். ஐஸில் அது வரம். ஆழமான பனியில் மாட்டிக்கொண்டு முன்னும் பின்னும் ஆட்டி வெளியே வர வேண்டிய சமயத்தில் அது தொல்லை. அதற்காகவே ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள்.

"பொத்தான அமுக்கு!" என்று ஹில்யா கதவோரம் நின்று கத்தினாள்.

"எந்தப் பொத்தான்?"

"கண்ணு முன்னாடி இருக்கறது! படம் போட்டிருக்குமே, வழுக்குற காரு!"

"வழுக்குற காரோட படம் போட்ட பொத்தான எவனாவது அமுக்குவானா?"

ஹில்யா அந்தப் படத்தை வரைந்தவனை மனத்துக்குள் வைதுகொண்டே தானே போய் அமுக்கினாள்.

கிறிஸ்துமஸ் கழிந்ததும் முணுமுணுப்பு நின்றுவிட்டது. கார் மல்லுக்கு நிற்கிறது என்ற பேச்சே இல்லை. "இப்பல்லாம் ஜம்முனு நிக்குது" என்று சைமாவும் சொன்னாள். ஹில்யாவுக்குப் பெருமை தாங்கவில்லை. ரெய்னோவே கற்றுக்கொண்டார், உங்களுக்கு என்ன கேடு என்று ஆர்விட்டை நேரிலேயே கேட்டாள். ஆர்விட் காபியைப் பார்த்துக்கொண்டு, சிரிப்பை அடக்குகிற மாதிரி இருமினார். அப்போதே அவள் யோசித்திருக்க வேண்டும்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, எண்ணெய் மாற்றுவதற்காகக் காரை ஒர்க்‌ஷாப்புக்குள் ஏற்றினாள். சாவியைத் திருப்பினால் முன்பலகையில் எல்லா விளக்கும் ஒரு நொடி எரிந்து அணையும். அன்று ஏபிஎஸ் விளக்கு எரியவே இல்லை. பல்பு போயிருக்கும் என்று குனிந்து பார்த்தாள். அந்த இடத்தில் கறுப்பாக ஒரு துண்டு டேப், நகத்தளவு, ஓரமெல்லாம் பிசிறில்லாமல் வெட்டி ஒட்டியிருந்தது. உரித்தாள். உள்ளே மஞ்சள் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. ஃபியூஸ் பெட்டியைத் திறந்தாள். ஏபிஎஸ் ஃபியூஸ் இருக்க வேண்டிய இடம் காலி.

அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். ஃபியூஸ் போனால் ஏபிஎஸ்ஸும் இல்லை, டிராக்‌ஷன் கன்ட்ரோலும் இல்லை. வண்டி இருபது வருஷம் பின்னால் போய்விடும். அவள் வாங்கிக் கொடுத்த பாதுகாப்பைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அதன் கண்ணையும் கட்டி, அதில் தன் அக்காவை உட்காரவைத்து மலை இறக்கியிருக்கிறார். மூன்று வாரமாக. ஆர்விட் இருமியதும் இதற்குத்தான். ஊர் ஆண்களில் பாதிப்பேருக்கு இது தெரிந்திருக்கும்.

வீட்டுக்குப் போனால் சவுனா, வாராவாரம் குடும்பமே வேர்த்துக் குளிக்கிற நீராவி அறை, சூடாகத் தயாராக இருந்தது. சனிக்கிழமை சவுனாவுக்குள் யாரும் குரல் உயர்த்தக்கூடாது. மாதாகோவிலில் எப்படியோ அங்கேயும் அப்படி. அவள் அம்மா காலத்திலிருந்து அந்தக் குடும்பத்தில் யாரும் அதை மீறியதில்லை. ஹில்யா மேல் பலகையில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரெய்னோ அடுப்பின் சூடான கற்கள்மேல் தண்ணீர் ஊற்றினார்.

"என்ன, இன்னிக்கு ரொம்ப அமைதியா இருக்க?"

"வெளிய வா."

வெளியே படியில், உடம்பெல்லாம் ஆவி பறக்க, துண்டோடு நின்றுகொண்டு அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் உள்ளே ஓடியது. பொய்யன் என்றாள். டேப்பை அவ்வளவு நேர்த்தியாக வெட்டத் தெரிந்த கைக்கு ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லையா என்றாள். ரெய்னோ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார்.

"சரி. ஃபியூஸ மாட்டு," என்றார் கடைசியில். "நாளைக்குப் பூசை முடிஞ்சதும் மாதாகோவில் மைதானத்துக்கு வா. நான் ஓட்டறேன். பக்கத்துல உக்காந்து பாரு."

மாதாகோவில் கார் நிறுத்துமிடம் மறுநாள் மதியம் காலியாக இருந்தது. ஒரு பாதியில் புதுப்பனி ஆழமாகக் கிடந்தது. கூரையிலிருந்து ஒழுகின நீர் உறைந்து மறுபாதி கண்ணாடி போல இருந்தது. ஹில்யா ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து ஏறினாள்.

"வாளிகிட்ட வந்ததும் மிதி. எடுக்காத. அவ்வளவுதான்."

மிதித்தார். பெடல் கடகடத்தது. கால் மேலே வந்தது.

"எடுக்காத!"

மறுபடி ஓட்டினார். மறுபடியும் கால் வந்தது. ஹில்யா அலறினாள், கெஞ்சினாள், டேஷ்போர்டில் குத்தினாள். அடுத்த தடவை அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டைக் கடித்து, கழுத்து நரம்பு புடைக்க, முழு மனிதரும் அந்தப் பெடலை அமுக்கப் பாடுபட்டார். முதல் அதிர்வு வந்ததும் கால் தானாக எழும்பியது, கொதிக்கும் பாத்திரத்தைத் தொட்ட கை போல.

அவர் வண்டியை நிறுத்திவிட்டு முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நான் சொல்றேன் ஹில்யா. அது கேக்க மாட்டேங்குது."

அவள் டேஷ்போர்டிலிருந்து கையை எடுத்தாள்.

"அன்னிக்கு மலையடியிலயும் அப்படித்தான். ராத்திரியில வந்து இங்க தனியா பழகிப் பார்த்தேன். வரல. இந்தக் கால வச்சுக்கிட்டு அந்தப் பிரேக்கோட ஓட்டினா சைமா செத்துருவா. கால மாத்த முடியல. அதான் ஃபியூஸப் புடுங்கினேன்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே!"

"பனி லாரிக்காரனுக்குப் பிரேக் மிதிக்கத் தெரியலன்னு உங்கிட்ட வந்து சொல்லவா? நீ ஊர் பூரா அதைத்தான சொல்லிட்டுத் திரியற?"

அது சுருக்கென்று தைத்தது. குளிர்காலம் பூரா அவள் திட்டித் தீர்த்தது ஒரு பிடிவாதக்காரனை. அப்படி ஒரு ஆள் இங்கே இல்லவே இல்லை. ரெய்னோ கையை நீட்டி ஃபியூஸை உருவிக் காட்டினார். "இப்பப் பாரு."

பார்த்தாள். கால் தாளம் போட்டது. ஆனால் இப்போது ஒவ்வொரு தாளத்துக்கும் வண்டி அடங்கியது. புதுப்பனிப் பக்கத்தில் அவர் நிறுத்தினது வாளிக்கு நல்ல தூரம் முன்னாலேயே. ஃபியூஸை மாட்டிக்கொண்டு ஹில்யா ஓட்டியபோது அதே பனியில் வாளியை இடித்துத் தள்ளினாள். ஆழமான பனியில் சறுக்குகிற சக்கரம் முன்னால் பனியைக் குவித்துத் தடுப்புப் போட்டுக்கொள்ளும். ஏபிஎஸ் அதற்கு விடாது. அது அவளுக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் எரிச்சலாக வந்தது.

"பாத்தியா?" என்றார் ரெய்னோ. அந்த வருஷத்தில் முதல்முறையாகச் சிரித்தார்.

"ஐஸ் பக்கம் வா."

ஐஸ் பக்கம் அவர் ஃபியூஸ் இல்லாமல் ஓட்டினார். தாளம் சரியாகத்தான் விழுந்தது, ஆனால் கால் முன்னைப் போல வேகமாக இல்லை. வாளி பறந்தது. பிறகு ஹில்யா ஃபியூஸோடு ஓட்டினாள். மிதித்து, மிதித்தபடியே வைத்து, பிரேக்கின் நடுவிலேயே ஸ்டியரிங்கைத் திருப்பி, வாளியைச் சுற்றிக்கொண்டு போய் நின்றாள். ரெய்னோ இறங்கிச் சக்கரத் தடத்தைப் பார்த்தார். குனிந்து கையுறையால் தடவிப் பார்த்தார். திரும்ப வந்து கதவோரம் நின்றார்.

"மலை பூரா ஐஸுதான், இல்ல?"

"ஆமா."

இத்தனை சண்டையும் அவர் வாயிலிருந்து இந்த ஒரு வார்த்தை வரத்தான் அவள் போட்டாள். இப்போது அது கிடைத்ததும், அதை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடத் தோன்றியது. ஐஸ் இல்லாமல் மலை இறங்க வேறு வழி இருக்கிறதா என்று மனம் ரோடு ரோடாகத் தேடியது. இல்லை. ஓட்டுநர் இருக்கையிலிருந்து அவள் இறங்கப் போனாள்.

"இறங்காத," என்றார் ரெய்னோ. "இனிமே நீயே ஓட்டு. கடைய அந்த மூணு நாளும் மதியத்துக்கு மேல தொற."

சுற்றிப்போய் அந்தப் பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். பெல்ட்டைத் தேட அவருக்குச் சற்று நேரம் ஆயிற்று. அந்தப் பக்கம் உட்கார்ந்து அவருக்குப் பழக்கமில்லை.

திங்கட்கிழமை காலை சைமா முன்னால் உட்கார்ந்தாள், ரெய்னோ சீட்டுக்கட்டோடு பின்னால். ஆஸ்பத்திரியில் அவளை இறக்க, ஏற்ற, தோற்றுக்கொடுக்க ஆள் வேண்டுமே. மலை பாதி இறங்கியதும் ஒரு மான் புதரிலிருந்து ரோட்டின் குறுக்கே வந்து நின்றது. ஹில்யா மிதித்தாள். பெடல் கடகடத்தது. அவள் எடுக்கவில்லை, மெதுவாகத் திருப்பினாள், வண்டி மானின் வாலோரமாகக் கடந்து போயிற்று.

பின்னாலிருந்து தொப் தொப் என்று சத்தம். தரைவிரிப்பின் மேல் ரெய்னோவின் பூட்ஸ் விட்டு விட்டு மிதித்துக்கொண்டிருந்தது. மான் மறைந்த பிறகும் நிற்கவில்லை.

சைமா திரும்பிப் பார்த்தாள். "மாப்ள, அங்க உங்களுக்கு பிரேக் கெடையாது."

"தெரியும்," என்றார் ரெய்னோ. முழங்காலின் மேல் கையை வைத்து அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

ஹில்யா கண்ணாடியில் அதைப் பார்த்தாள். நாக்கு நுனிக்கு வந்த வசவு எதுவும் அந்த மனிதருக்குப் பொருந்தவில்லை.

"விடு ரெய்னோ. மிதிச்சுக்க," என்றாள். மலையடி நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தி, மரம் ஏற்றிய லாரி ஒன்று எதிரே கடந்து போகும் வரை காத்திருந்தாள்.